ஜனங்க மேல பழியைப் போடாதீங்க ஸார்!

போன மாசம் தி.நகரில் ஒரு சினிமா கம்பெனி ஆபீஸுக்குப் போயிருந்தேன். எனக்கு அங்கே வேலை எதுவும் இல்லை. எனக்குத் தெரிந்த தம்பி ஒருவர் எட்டு வருஷமாக உதவி இயக்குநராக இருக்கிறார். கதை சொல்ல ஒரு வழியாக நேரம் கிடைத்திருக்கிறது. "நீங்களும் கூட வந்தீங்கன்னா கொஞ்சம் தெம்பா இருக்கும் அண்ணே" என்றார். பத்திரிகைக்காரன் பக்கத்தில் இருந்தால் தயாரிப்பாளர் நடுவில் எழுந்து போக மாட்டார் என்று ஒரு கணக்கு.

எழுந்து போகவில்லைதான். ஒன்றேகால் மணி நேரம் கதை கேட்டார். செல்போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டார். இரண்டு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். கதை முடிந்ததும், "தம்பி, பிரமாதம்! பாட்டு எங்கெங்க வருது?" என்றார்.

"பாட்டு இல்லை சார்."

"ஒண்ணு கூடவா?"

"கதை ஒரே வீட்டுக்குள்ள, ஒரே ராத்திரி நடக்குது சார். பாட்டு வெச்சா டெம்போ போயிடும்."

தயாரிப்பாளர் என் பக்கம் திரும்பினார். சின்னப் பையன் பேசுவதைப் பெரியவர்கள் புரிந்துகொள்வோம் என்கிற மாதிரி ஒரு சிரிப்பு. "சார், நீங்க எழுதறவர். உங்களுக்குத் தெரியாததா? 'அந்த நாள்' என்ன ஆச்சு? சிவாஜி நடிச்சு, ஏவி.எம். எடுத்த படம். அதையே ஜனங்க ஏத்துக்கலை. ஜனங்களுக்குப் பாட்டு வேணும் சார். நாம என்ன செய்ய முடியும்?"

நான் தலையாட்டினேன். அந்தத் தலையாட்டலுக்காகத்தான் இந்த வாரக் கட்டுரை.

ஏன் தலையாட்டினேன்? எனக்கும் 'அந்த நாள்' பற்றித் தெரியும். 1954. பாட்டே இல்லாமல் வந்த முதல் தமிழ்ப் படம். இயக்கியவர் எஸ்.பாலசந்தர், அதாவது வீணை பாலசந்தர். கே.பாலசந்தர் என்று சொல்லிவிட்டால் குயிஸ் போட்டியில் மார்க் போய்விடும். இதையெல்லாம் நானே இரண்டு கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். 'காலத்தை வென்ற காவியம்' என்று கூட ஓர் இடத்தில் போட்டிருக்கிறேன். ஒரு சின்ன விஷயத்தை மட்டும் அந்த இரண்டிலும் சொல்லவில்லை. நான் அந்தப் படத்தைப் பார்த்ததில்லை.

சிரிக்காதீர்கள். உங்களில் எத்தனை பேர் பார்த்திருக்கிறீர்கள்? கையைத் தூக்க வேண்டாம். மனசுக்குள் சொல்லிக்கொண்டால் போதும்.

அன்று ராத்திரி அடையாறில் வீட்டுக்கு வந்து, சாப்பிட்டுவிட்டு, லேப்டாப்பைத் திறந்தேன். பத்து நிமிஷம் பார்த்துவிட்டுத் தூங்கிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். எழுந்திருக்கும்போது மணி ஒன்று.

ஒரு துப்பாக்கிச் சத்தத்தில் படம் ஆரம்பிக்கிறது. சிவாஜி கணேசன் சாகிறார். ஆமாம், ஆரம்பக் காட்சியிலேயே! 'பராசக்தி' வந்து இரண்டு வருஷம் கூட ஆகவில்லை. அந்த சிவாஜியைப் படம் ஆரம்பித்தவுடனே பிணமாகப் போட்டுவிட்டு, "இவனைக் கொன்றது யார்?" என்று கேட்கிறார்கள். 1943 அக்டோபர். ஜப்பான்காரன் சென்னையில் குண்டு போட்ட சமயம். செத்துப்போன ராஜன் ஒரு ரேடியோ இன்ஜினீயர். துப்பறிய வரும் ஜாவர் சீதாராமனிடம் பக்கத்து வீட்டுக்காரர், தம்பி, தம்பி மனைவி, அவனுடைய ஆசைநாயகி, மனைவி என்று ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒவ்வொரு கதையிலும் ஒரு புது ராஜன் வருகிறான். கொலையாளி யார் என்று நான் சொல்லப் போவதில்லை. பார்க்காதவர்கள் பார்க்க வேண்டும்.

ஒன்றை மட்டும் சொல்கிறேன். பாட்டு இல்லை என்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. படம் முடிந்து, லேப்டாப்பை மூடி, தண்ணீர் குடிக்கப் போனபோதுதான், 'அட, பாட்டே இல்லையே' என்று தோன்றியது. எழுபது வருஷமாக நாம் பாராட்டிக்கொண்டிருக்கும் ஒரே விஷயம், படம் பார்க்கும்போது கண்ணில் படவே இல்லை. எதையாவது வேண்டுமென்று விட்டுவிட்டால் அந்த இடம் பள்ளமாகத் தெரியுமே? தெரியவில்லை. அந்தக் கதைக்குப் பாட்டு தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

இதை எடுத்தபோது பாலசந்தருக்கு வயசு 27.

யார் இவர்? 1927 ஜனவரி 18-ல் பிறந்தவர். மயிலாப்பூர்க் குடும்பம். அப்பா சுந்தரம் அய்யர் வக்கீல். வீடு முழுக்க சங்கீதம். 1934-ல் வந்த 'சீதா கல்யாணம்' படத்தில் அண்ணன் ராஜம்தான் ராமர். அக்கா ஜெயலட்சுமிதான் சீதை. அப்பா ஜனகர். அண்ணன் ராமர், அக்கா சீதையா என்று அந்தக் காலத்திலேயே புருவம் உயர்த்தினார்கள். அதே படத்தில் கஞ்சிரா வாசிக்கும் பொடியனாக நம்ம பாலசந்தர். அந்த அண்ணன்தான் பின்னாளில் ஓவியராகவும் பாடகராகவும் பெயர் வாங்கிய எஸ்.ராஜம்.

பாலசந்தருக்கு வீணையில் குரு கிடையாது. தானே எடுத்தார், தானே வாசித்தார். 72 மேளகர்த்தா ராகங்களையும் வீணையில் வாசித்துப் பதிவு செய்தார். அமெரிக்காவில் இசைத்தட்டு வெளியிட்டார். 1982-ல் பத்மபூஷண் வாங்கினார். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தில் 1948-ல் 'இது நிஜமா'வில் இரட்டை வேஷம். அதே வருஷம் 'என் கணவர்' படத்தை இயக்கினார். 1951-ல் 'கைதி'யை இயக்கி நடித்தார். 'ராணி'யில் பானுமதியுடன் நடித்தார். நடிப்பு, இசை, கதை, டைரக்‌ஷன் எல்லாமே ஒரே ஆள். அமெரிக்காவில் ஆர்சன் வெல்ஸ் என்று ஒரு நடிகர்-இயக்குநர் உண்டு. அவர் 25 வயசில் எடுத்த 'சிட்டிஸன் கேன்' 1941-ல் வந்தது. அதுவும் செத்துப்போன ஒருத்தனைப் பற்றி ஆளுக்கு ஆள் கதை சொல்கிற படம்தான். அதுவும் முதல் ரவுண்டில் நஷ்டம்தான். அப்புறம்? 1962-லிருந்து 2002 வரை, பத்து வருஷத்துக்கு ஒரு முறை நடக்கும் பிரிட்டிஷ் பத்திரிகை 'சைட் அண்ட் சவுண்ட்' ஓட்டெடுப்பில், உலகத்தின் சிறந்த படம் என்று முதலிடத்தில் உட்கார்ந்திருந்தது.

அகிரா குரோசவாவின் 'ரஷோமான்' படத்தின் பாதிப்பில்தான் 'அந்த நாள்' வந்தது என்பார்கள். சரிதான். ஒரே சம்பவத்தை நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும் உத்தி அங்கிருந்து வந்தது. ஆனால் ஒன்று யோசியுங்கள். 'ரஷோமான்' 1950-ல் வந்தது. நாலே வருஷத்தில் அதைச் செரித்து, சென்னையில் ஒரு நடுத்தர வர்க்க வீட்டுக்குள் உட்கார வைத்து, தேசபக்தி பற்றி ஒரு சங்கடமான கேள்வியும் கேட்டுவிட்டார் மயிலாப்பூர்ப் பையன். காப்பி அடிப்பதற்கும் பாடம் படிப்பதற்கும் வித்தியாசம் உண்டு.

இப்போது தயாரிப்பாளரின் வாதத்துக்கு வருவோம். "ஜனங்க ஏத்துக்கலை."

உண்மை. 1954 ஏப்ரல் 13-ல் வெளியானபோது படம் சரியாகப் போகவில்லை. பாட்டு எங்கே என்று தியேட்டரில் கூச்சல் போட்டார்கள். நியாயமான கோபம் என்றுதான் சொல்வேன். சினிமா என்றால் பத்துப் பதினைந்து பாட்டு என்று பழக்கி வைத்திருந்தார்கள். காசு கொடுத்து உள்ளே வந்தவனுக்குப் பழக்கப்பட்டது கிடைக்கவில்லை. சாப்பாடு என்று போர்டு போட்ட ஓட்டலில் ரசம் இல்லை என்றால் நாமும்தான் சத்தம் போடுவோம். அந்த மனிதன் அன்று சாயங்காலம் சத்தம் போட்டான். வீட்டுக்குப் போய்விட்டான். எழுபது வருஷமாக அந்த ஒரு சாயங்காலத்தை ஸ்டே ஆர்டர் மாதிரி பத்திரமாக வைத்திருப்பது யார்?

நான் பி.காம். படித்தவன். சினிமா இலக்கணம் தெரியாது, கணக்கு கொஞ்சம் தெரியும். கணக்கிலேயே பேசலாம்.

லாப நஷ்டக் கணக்கு என்று ஒன்று உண்டு. ஐந்தொகை என்று ஒன்று உண்டு. முதல் வருஷ பி.காம். பையனுக்கே வித்தியாசம் தெரியும். இந்த வருஷம் என்ன வந்தது, என்ன போனது என்பது முதலாவது. கையில் என்ன இருக்கிறது, அதன் மதிப்பு என்ன என்பது இரண்டாவது. சினிமாவை நாம் முதல் கணக்கில் மட்டும்தான் எழுதுகிறோம். முதல் மூன்று நாள் வசூல், அதோடு நோட்டை மூடிவிடுகிறோம். ஒரு மெஷின் வாங்கினால் கூட வருஷா வருஷம் தேய்மானம் கழிப்போம். சினிமாவில் பெரும்பாலான படங்களுக்கு மூன்றே வாரத்தில் நூறு சதவீதத் தேய்மானம். 1954-ல் 'அந்த நாளை'த் தோற்கடித்து ஓடிய படங்களில் எத்தனை பேர் இன்று உங்களுக்கு ஞாபகம்? இரண்டு? மூன்று? 'அந்த நாள்' மட்டும் தேயவில்லை. மதிப்பு ஏறிக்கொண்டே இருக்கிறது. அந்த வருஷத் தேசிய விருதில் தகுதிச் சான்றிதழ் வாங்கியது. இன்றைக்கும் எங்கேயோ ஓடிக்கொண்டிருக்கிறது. என்னை மாதிரி ஆளை ராத்திரி ஒரு மணி வரை உட்கார வைக்கிறது. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் அதற்குப் பெயர் நஷ்டம் இல்லை, சொத்து என்பார்.

"உங்களுக்கென்ன, பேனா பிடிச்சவர். என் பணம் வட்டிக்கு வாங்கின பணம். எழுபது வருஷம் கழிச்சு வர்ற பேரை வெச்சு இந்த மாச வட்டி கட்ட முடியுமா?" என்று தயாரிப்பாளர் கேட்கலாம். நல்ல கேள்வி. வட்டிக்காரன் 'காலத்தை வென்ற காவியம்' என்று ரசீது எழுதிக்கொள்ள மாட்டான்.

பதில் 'அந்த நாள்' கதையிலேயே இருக்கிறது. அதை எடுத்த ஏவி.மெய்யப்பன் ஏமாந்த சோணகிரியா? காரைக்குடியிலிருந்து வந்த வியாபாரி. அவர் தொழில் ஆரம்பித்ததே கிராமபோன் இசைத்தட்டு விற்றுத்தான். பாட்டு என்றால் எத்தனை பைசா என்று இந்த ஊரில் அவரை விடத் தெரிந்தவர் யார்? அவர்தான் பாட்டில்லாத படம் எடுத்தார். அதே 1954-ல் அதே ஏவி.எம். 'பெண்' என்றும் ஒரு படம் வெளியிட்டது. வைஜயந்திமாலா, அஞ்சலி தேவி, ஜெமினி கணேசன், ஆட்டம் பாட்டம் எல்லாம் உண்டு. அதில் இன்னொரு நடிகர் யார் தெரியுமா? எஸ்.பாலசந்தர்! சந்திரபாபு குரலில் ஒரு கல்யாணக் கலாட்டாப் பாட்டுக்குத் திரையில் வாயசைத்தவர் அவர்தான்.

கவனியுங்கள். ஒரே வருஷம், ஒரே கம்பெனி, ஒரே ஆள். ஒரு கையில் பாட்டும் கூத்துமாக ஒரு படம், இன்னொரு கையில் பாட்டே இல்லாத படம். ஒன்று தடுக்கினால் இன்னொன்று தாங்கும். எங்கள் பாடத்தில் இதற்குப் பெயர் ரிஸ்க்கைப் பிரித்துப் போடுவது. ஷேர் மார்க்கெட்டில் நாலு காசு போடுகிற மாம்பலம் மாமிக்குக் கூட இது தெரியும். எல்லாப் பணத்தையும் ஒரே கம்பெனியில் போட மாட்டார். நம் தயாரிப்பாளர்கள்தான் எல்லாப் பணத்தையும் ஒரே ஹீரோவின் கால்ஷீட்டில் போட்டுவிட்டு, பாட்டில்லாத சின்னப் படத்தைப் பார்த்து 'ரிஸ்க்' என்கிறார்கள்.

சரி, 1954 ஜனங்கள் ஏற்கவில்லை. அப்புறம் வந்த ஜனங்கள்?

1988-ல் பாலு மகேந்திரா 'வீடு' எடுத்தார். பாட்டு கிடையாது. இன்றும் வீடு கட்டுகிறவர்கள் எல்லாரும் அந்தப் படத்தைச் சொல்லித்தான் புலம்புகிறார்கள். 1995-ல் 'குருதிப்புனல்'. கமல்ஹாசனும் அர்ஜுனும் இருந்தும் ஒரு பாட்டு கூட இல்லை. 2011-ல் 'ஆரண்ய காண்டம்'. கடைசியாக ஒன்று சொல்கிறேன், இது பாலசந்தரே ரசித்திருப்பார். 2019 தீபாவளிக்கு ஒரு படம் வந்தது. பாட்டு கிடையாது. ஹீரோயின் கிடையாது. ஒரே ராத்திரியில் நடக்கிற கதை. போட்டிக்கு வந்தது விஜய்யின் 'பிகில்'. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. அதன் பெயர் 'கைதி'. 1951-ல் பாலசந்தர் இயக்கிய படத்தின் பெயரும் அதேதான். கதைக்குச் சம்பந்தமில்லை, பெயர் மட்டும்தான் ஒன்று. ஆனால் எனக்கென்னவோ பழைய பாக்கியை யாரோ வட்டியோடு கட்டிவிட்ட மாதிரி இருந்தது.

இத்தனைக்குப் பிறகும் தி.நகர் மாடியில், "ஜனங்க ஏத்துக்க மாட்டாங்க." எந்த ஜனங்கள் ஸார்? 1954-ல் சத்தம் போட்டவர்கள் உட்கார்ந்த காலத்துத் தியேட்டர்களே இன்று இல்லை. மயிலாப்பூர் கபாலி இல்லை. லஸ் காமதேனு இல்லை. பாண்டி பஜார் ராஜகுமாரி இல்லை. கோர்ட்டையே இடித்துவிட்டார்கள், தீர்ப்பு மட்டும் அமலில் இருக்கிறது!

உண்மையில் தயாரிப்பாளருக்கு என்ன பிரச்னை என்று கிளம்பும்போது அவரே சொல்லிவிட்டார். லிஃப்ட் வரைக்கும் வந்து, குரலைத் தாழ்த்தி, "பாட்டு இல்லேன்னா ஆடியோ ரைட்ஸ் போச்சே சார். அதுல ஒரு தொகை வரும். அதை வெச்சுத்தான் ஆரம்பிக்கவே முடியும்" என்றார். ஆக, பாட்டு வேண்டியது இவருக்கு, ஜனங்களுக்கு இல்லை. இதை உள்ளேயே சொல்லியிருந்தால் நான் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருப்பேன். அது ஒரு வியாபாரியின் நேர்மையான பிரச்னை. உட்கார்ந்து பேசி வழி தேடலாம். பட்ஜெட்டைக் குறைக்கலாம். டைட்டிலுக்கு ஒரு பாட்டு போடலாம். நேர்மையான காரணத்தை லிஃப்ட் வாசலில் கிசுகிசுத்துவிட்டு, பொய்க் காரணத்தை மேஜை மேல் உரக்க வைப்பதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

'ஜனங்க' என்பது ரொம்ப வசதியான சொல். ஜனங்களுக்கு ஆபீஸ் கிடையாது, மறுப்பு அறிக்கை விட மாட்டார்கள். டி.வி. சீரியல்காரரைக் கேட்டால் ஜனங்க. அரசியல்வாதியைக் கேட்டால் ஜனங்க. ஏன், பத்திரிகை ஆபீஸில் என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள். ஒரு முறை கூட்டுறவு வங்கி பற்றி எழுதிக் கொண்டுபோனபோது, "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஜனங்க படிக்க மாட்டாங்களே" என்றார்கள். நானும் சரி என்று நடிகையின் கல்யாணத்தைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். எனவே இந்தக் கூண்டில் நானும்தான் நிற்கிறேன்.

பாலசந்தருக்கு அப்புறம் என்ன ஆனது? விடவில்லை. தெலுங்கில் 'ஏது நிஜம்' எடுத்தார். 'அவன் அமரன்', 'அவனா இவன்' எடுத்தார். 1964-ல் 'பொம்மை'. அதில் பாட்டுகள் உண்டு. யேசுதாஸைத் தமிழில் முதலில் பாட அழைத்ததே அந்தப் படத்துக்குத்தான். அவர் பாட்டுக்கு எதிரி இல்லை. பாட்டு தெரிந்தவர் என்பதால்தான் எங்கே வேண்டாம் என்றும் தெரிந்தது. அந்தப் படத்தின் முடிவில் கேமரா முன்னால் வந்து நின்று, படத்தில் வேலை செய்தவர்களையெல்லாம் நமக்கு அறிமுகம் செய்து வைப்பார். திரைக்குப் பின்னால் இருப்பவர்களுக்கு முகம் உண்டு என்று காட்டிய மனிதர்.

கடைசியாக 'நடு இரவில்'. எடுத்து முடித்த பிறகு வாங்க ஆள் இல்லாமல் சில வருஷம் பெட்டிக்குள் கிடந்து, 1970-ல் வெளிவந்தது. அதோடு சினிமாவுக்கு ஒரு கும்பிடு. அப்போது அவருக்கு வயசு 43. இன்று என் வயசு. அதன் பிறகு இருபது வருஷம் இருந்தார், வீணை வாசித்தார். ஒரு படம் கூட எடுக்கவில்லை.

இங்கே அவரைப் பூவும் பொட்டும் வைத்துப் படமாக மாட்ட எனக்கு விருப்பமில்லை. அவர் சாது கிடையாது. சண்டைக்காரர். புது ராகம் கண்டுபிடித்ததாகச் சொன்ன பாலமுரளிகிருஷ்ணாவோடு சண்டை. ஸ்வாதித் திருநாள் பேரில் இருக்கும் கிருதிகள் அவர் இயற்றியவைதானா என்று கேட்டு இன்னொரு பெரிய சண்டை. சங்கீத உலகத்தில் பல பெரியவர்களுக்கு அவர் பேச்சு ரசிக்கவில்லை. பத்மபூஷண் கொடுத்தார்கள், மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி கடைசி வரை கிடைக்கவில்லை. அவரோடு வேலை செய்வது சுலபமாக இருந்திருக்காது என்று தாராளமாக நம்பலாம். அவர் கேட்ட கேள்விகளில் சில தப்பாகவும் இருந்திருக்கலாம்.

ஆனால் சினிமாவை விட்டுப் போக அவரை யாரும் அடித்து விரட்டவில்லை என்பதையும் பாருங்கள். மெதுவாக நடந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரு சிரிப்பு, ஒரு "பிரமாதம், ஆனா..." அவ்வளவுதான். சார்லஸ் லாட்டன் என்று ஹாலிவுட்டில் ஒரு பெரிய நடிகர். 1955-ல் 'தி நைட் ஆஃப் தி ஹண்டர்' என்று ஒரே ஒரு படம் இயக்கினார். விமர்சகர்களும் கைவிட்டார்கள், ஜனங்களும் வரவில்லை. மனிதர் அதற்கப்புறம் இயக்கவே இல்லை. இன்று அது பாடப் புத்தகம். எடுக்காமல் விட்ட இரண்டாவது படம் எங்கே கிடைக்கும்? எந்த ஆர்க்கைவிலும் கிடைக்காது. பாலசந்தர் 43-லிருந்து 63 வரை எடுத்திருக்கக்கூடிய படங்களும் அங்கேதான் இருக்கின்றன. நஷ்டம் என்று எழுத வேண்டுமானால் இதைத்தான் எழுத வேண்டும். எந்த நோட்டிலும் எழுதவில்லை.

நாம் சும்மா இருந்தோமா? இருந்தோம். மயிலாப்பூர், அடையாறு, மாம்பலத்தில் காபி குடித்தபடி "தமிழ்ல நல்ல படமே வர்றதில்லை" என்று பேசுகிறவர்கள் நாம்தான். நல்ல சின்னப் படம் வந்தால், "ஓ.டி.டி.ல வரட்டும், பார்த்துக்கலாம்" என்கிறவர்களும் நாம்தான். ஒரு வாரத்தில் தூக்கிவிட்டார்கள் என்றால், "அச்சச்சோ, பார்க்கணும்னு நினைச்சேன்" என்கிறோம். தயாரிப்பாளர் 'ஜனங்க' என்று சொல்லும்போது நமக்குப் பின்னால் யாரையோ கைகாட்டுகிறார் என்று நினைத்துத் திரும்பிப் பார்க்கிறோம். அவர் நம்மைத்தான் காட்டுகிறார். அவர் சொல்வது பொய் என்று நிரூபிக்க வேண்டுமானால், வெள்ளிக்கிழமை டிக்கெட் வாங்க வேண்டும். வேறு வழி கிடையாது.

தயாரிப்பாளர்களிடம் நான் புரட்சி எதுவும் கேட்கவில்லை. எல்லாப் படத்திலும் பாட்டை எடுத்துவிடுங்கள் என்று சொல்ல நான் யார்? நானே காரில் போகும்போது எம்.எஸ்.வி., இளையராஜா இல்லாமல் அண்ணா சாலை சிக்னலைத் தாண்டியதில்லை. கேட்பது இரண்டே விஷயம். ஒன்று, மெய்யப்பச் செட்டியார் செய்த மாதிரி 'பெண்' எடுங்கள், பக்கத்திலேயே ஒரு 'அந்த நாளும்' எடுங்கள். இரண்டு, முடியாது என்றால் முடியாது என்று உங்கள் பெயரில் சொல்லுங்கள். 'எனக்குப் பயமா இருக்கு தம்பி' என்று சொல்வதில் அவமானம் இல்லை. ஜனங்கள் பெயரில் கையெழுத்துப் போடாதீர்கள். எங்கள் பாடத்தில் அதற்கு வேறு பெயர்.

பாலசந்தர் 1990-ல் கச்சேரிக்காக பிலாய் போன இடத்தில் காலமானார். தேதி ஏப்ரல் 13. 'அந்த நாள்' வெளியான அதே ஏப்ரல் 13. சரியாக முப்பத்தாறு வருஷம் கழித்து. நான் ஜாதகம், எண்கணிதம் எல்லாம் பார்க்கிறவன் இல்லை. ஆனாலும் அடுத்த ஏப்ரல் 13-ல் நீங்கள் ஒரு காரியம் செய்யலாம். வீட்டு ஹாலில் எல்லாரையும் உட்கார வைத்து அந்தப் படத்தைப் போடுங்கள். பாட்டில்லாத படம் என்று முன்னாலேயே சொல்லாதீர்கள். முடிந்ததும், "பாட்டு நல்லா இருந்துச்சா?" என்று கேட்டுப் பாருங்கள்.

தம்பிக்கு மறுநாள் போன் பண்ணினேன். "ஆபீஸ்ல நான் தலையாட்டினது தப்புப்பா. படத்தை நேத்துதான் பார்த்தேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு சிரித்தார். "பரவாயில்லை அண்ணே. அவரும் பார்த்திருக்க மாட்டாரு" என்றார்.

அடுத்த வாரம் வடபழனியில் வேறொரு கம்பெனியில் கதை சொல்லப் போகிறார். பாட்டு இன்னும் சேர்க்கவில்லை. நானும் கூடப் போகிறேன். இந்த முறை தலையாட்ட மாட்டேன்.